ஹெக்சேனில் நொதி சாகாதா? வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் சலவைத் தூளில் இருக்கும் நொதிகளைப் பற்றி எழுதும்போது, சில நொதிகள் தண்ணீர் இல்லாமல் ஹெக்சேன் போன்ற கரைப்பானிலும் வேலை செய்யும், அதற்காக அவற்றை வேதியியல் முறையில் மாற்றவும் செய்கிறார்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த வரியைப் பற்றித்தான். அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிடுகிறேன்.

கேள்வி: எங்கள் உயிரியல் குறிப்பில், எத்தனால், அசிட்டோன் போன்ற கரிமக் கரைப்பான்கள் நொதியின் வடிவத்தைக் குலைத்துவிடும் என்று இருக்கிறது. தேர்விலும் அப்படித்தான் எழுதுகிறோம். நீங்கள் வேறு மாதிரி சொல்கிறீர்கள். எது சரி?
(தொடக்கக்கல்லூரி மாணவி, ஈசூன்)

தேர்வில் எழுதுவதை மாற்ற வேண்டாம், அது தப்பில்லை. ஆனால் அந்த வாக்கியம் எந்தச் சூழலுக்குச் சொன்னது என்று பாருங்கள். பள்ளி ஆய்வுக்கூடத்தில் தண்ணீரில் கரைத்த அமிலேஸ் என்ற நொதியில் எத்தனாலை ஊற்றுகிறீர்கள், அதாவது அங்கே எத்தனாலும் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. புரதச் சங்கிலி மடிந்து நிற்பதற்கு முக்கியக் காரணம், தண்ணீரோடு ஒட்டாத அதன் பகுதிகள் உள்ளே ஒடுங்கிக்கொள்வதுதான். எத்தனால் வந்ததும் அந்தப் பகுதிகளுக்கு வெளியிலும் ஓர் இடம் கிடைத்துவிடுகிறது, அதே சமயம் சங்கிலி நெளிந்து கொடுப்பதற்கு வேண்டிய தண்ணீரும் சுற்றிலும் தாராளமாக இருக்கிறது. அவிழ்வதற்குக் காரணமும் உண்டு, வழியும் உண்டு. அவிழ்ந்துவிடும்.

இப்போது அதே நொதியைப் பொடியாக உலர்த்தி, ஈரம் நீக்கிய ஹெக்சேனில் போடுங்கள். புரதத்தின் பகுதிகள் அசைய வேண்டுமென்றால் அவற்றுக்கிடையே தண்ணீர் மூலக்கூறுகள் புகுந்து, ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிணைப்புகளைத் தளர்த்திக் கொடுக்க வேண்டும். ஹெக்சேனுக்கு அது முடியாது. ஆகவே சங்கிலி உலரும்போது எந்த வடிவத்தில் இருந்ததோ கிட்டத்தட்ட அதே வடிவத்தில் இறுகி நின்றுவிடுகிறது, அவிழ்வதற்கு வழி அடைபட்டுப்போகிறது. தண்ணீரும் கரைப்பானும் பாதிக்குப் பாதி கலந்த திரவத்தைவிட, கிட்டத்தட்ட முழுவதும் கரைப்பானாக இருக்கும் திரவத்தில் புரதம் தன் வடிவத்தை நன்றாகக் காப்பாற்றிக்கொள்வது இதனால்தான். 1996இல் கிளிபனோவ் குழு இதை அளந்தே காட்டியது. கொஞ்சம் கரைப்பான் கொஞ்சம் கெடுதல், நிறைய கரைப்பான் நிறைய கெடுதல் என்று நாம் நினைக்கும் நேர்க்கோடு இங்கே செல்லாது.

கிளிபனோவ் என்று சொன்னேன் அல்லவா, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த அலெக்சாண்டர் கிளிபனோவ். அவரும் அலெக்ஸி ஸாக்ஸும் 1984இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பன்றிக் கணையத்திலிருந்து எடுத்த லைபேஸ் என்ற கொழுப்பை உடைக்கும் நொதியை 99 விழுக்காடு கரிமத் திரவத்தில் போட்டு 100 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினார்கள். தண்ணீரில் அந்த வெப்பத்தில் அது நொடியில் செத்துவிடும். அங்கேயோ பல மணி நேரம் தாக்குப்பிடித்தது மட்டுமில்லாமல், அந்த வெப்பத்திலேயே வேலையும் செய்தது. இந்தத் துறையில் அதற்கு முன்னும் சிலர் கைவைத்திருந்தார்கள். ஆனால் வேதியியலாளர்களின் மனத்தை மாற்றியது இந்த ஆய்வுதான் என்பது என் கருத்து.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதை விட்டுவிட்டால் எல்லாமே தவறாகப் புரிந்துவிடும். "தண்ணீரே இல்லாமல்" என்று சொல்வது முழு உண்மை இல்லை. நொதியின் மேல் ஒட்டியிருக்கும் கொஞ்சம் தண்ணீர் கட்டாயம் வேண்டும். ஆனால் அது எவ்வளவு கொஞ்சம் என்பதுதான் வியப்பு: ஹெக்சேனைப் போன்ற ஆக்டேனில் கைமோடிரிப்சின் என்ற நொதி வேலை செய்ய, ஒரு நொதி மூலக்கூறுக்கு ஏறத்தாழ 50 தண்ணீர் மூலக்கூறுகள் இருந்தால் போதும் என்று கண்டார்கள். புரதத்தின் மேற்பரப்பை ஒரு முழு அடுக்காக மூடக்கூட அது காணாது. அப்படியானால் ஒரு கரைப்பான் நல்லதா கெட்டதா என்பதைத் தீர்மானிப்பது, அந்த ஒட்டுத் தண்ணீரை அது விட்டுவைக்கிறதா, பிடுங்கிக்கொள்கிறதா என்பதுதான். ஹெக்சேனுக்குத் தண்ணீர் பிடிக்காது, விட்டுவைக்கும். அசிட்டோன், எத்தனால், டைமெத்தில் ஃபார்மமைடு எல்லாம் தண்ணீரோடு எந்த அளவிலும் கலக்கும், பிடுங்கிவிடும். இதைக் கணக்கிட லாக் பி என்று ஓர் எண் இருக்கிறது. ஒரு பொருள் தண்ணீரைவிட ஆக்டனாலில் எத்தனை மடங்கு அதிகம் சேர்கிறது என்பதன் மடக்கை அது. 1987இல் நெதர்லாந்தைச் சேர்ந்த லானெ குழு சொன்ன விதி: 2க்குக் கீழே இருந்தால் மோசம், 4க்கு மேலே இருந்தால் நல்லது, நடுவில் இருந்தால் நொதியைப் பொறுத்தது. டொலுயீன் 2.5 அளவில், ஹெக்சேன் 3.5 அளவில், டைமெத்தில் ஃபார்மமைடு கழித்தல் 1 அளவில்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குப் பிடிக்கும். நொதிக்குப் பிஎச், அதாவது அமில கார அளவு, நினைவு உண்டு. கடைசியாக எந்தப் பிஎச் கரைசலிலிருந்து அதை உலர்த்தினீர்களோ, அந்தப் பிஎச்சில் இருந்த மின்னேற்றத்தோடுதான் அது ஹெக்சேனிலும் நடந்துகொள்ளும். பிஎச் 8இல் நன்றாக வேலை செய்யும் நொதியைப் பிஎச் 5இல் உலர்த்திப் போட்டால் சோம்பலாகவே இருக்கும், ஹெக்சேனில் பிஎச் என்று ஒன்றும் இல்லாதபோதும்கூட.

கேள்வி: ஜூரோங் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. டொலுயீனில் லைபேஸ் பொடியைப் போட்டு எஸ்டர் (அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து உண்டாகும் பொருள்) தயாரிக்கிறோம். பொடி கரையாமல் குடுவையின் அடியில் கட்டியாக ஒட்டிக்கொள்கிறது, வினையும் மிக மெதுவாக நடக்கிறது. மேலாளர் 'பெக்' ஒட்டிப் பார்க்கச் சொல்கிறார். அது எப்படி வேலை செய்கிறது? செய்யத்தான் வேண்டுமா?
(பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டயதாரர், புக்கிட் பாத்தோக்)

மெதுவாக நடப்பது உங்கள் கைக்குறை இல்லை. உலர்த்திய நொதியைச் சும்மா கரைப்பானில் போட்டால், தண்ணீரில் கிடைக்கும் வேகத்தில் நூற்றில் ஒரு பங்கோ லட்சத்தில் ஒரு பங்கோ கிடைப்பது சாதாரணம். கட்டியின் உள்ளே இருக்கும் மூலக்கூறுகளுக்கு வினைப்பொருள் போய்ச் சேர்வதில்லை. உறைய வைத்து உலர்த்தும்போதே ஒரு பகுதி வடிவம் கெட்டுப்போகிறது. மிச்சம் இருப்பதும் இறுகிப்போய் நிற்கிறது. மூன்றும் சேர்ந்து இழுக்கின்றன.

பெக் என்பது பாலிஎத்திலீன் கிளைக்கால். இதற்கு ஓர் அபூர்வக் குணம்: தண்ணீரிலும் கரையும், பென்சீன், டொலுயீன், குளோரோஃபார்ம் போன்றவற்றிலும் கரையும், ஆனால் ஹெக்சேனிலும் ஈதரிலும் கரையாது. நொதியின் மேற்பரப்பில் லைசின் என்ற அமினோ அமிலத்தின் அமினோ முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும், அவற்றில் இந்த நீளச் சங்கிலிகளைச் சகப்பிணைப்பால் கட்டிவிட்டால் நொதி ஒரு ரம்புத்தான் பழம்போல் ஆகிவிடுகிறது. சுற்றிலும் இருக்கும் முடிக்குக் கரைப்பான் பிடிக்கும், உள்ளே இருக்கும் நொதியும் சேர்ந்து கரைந்துவிடும். முடிகளுக்கிடையே கொஞ்சம் தண்ணீரும் தங்கும்.

புரதத்தில் பெக் ஒட்டும் வேலையை முதலில் செய்தவர்கள் கரைப்பானை நினைத்துச் செய்யவில்லை. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் டேவிஸும் ஆபுசோவ்ஸ்கியும் 1977இல், உடலின் எதிர்ப்பாற்றல் கண்ணில் படாமல் புரத மருந்தை மறைப்பதற்காகச் செய்தார்கள். பிறகு டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் யூஜி இனாடாவின் குழு, அதே உத்தியை வேறு திசையில் திருப்பியது. 1984இல் பெராக்சிடேஸ், கேட்டலேஸ் இரண்டையும் பென்சீனில் கரைய வைத்து, அங்கேயே வேலையும் வாங்கினார்கள். அப்புறம் லைபேஸ். சயனூரிக் குளோரைடு என்ற மூலக்கூறில் மூன்று குளோரின் இடங்கள். இரண்டில் 5,000 மூலக்கூற்று எடையுள்ள பெக் சங்கிலிகளைக் கட்டி, மூன்றாவதைப் புரதத்தோடு இணைத்தார்கள். நொதியை மீட்பதற்கு அவர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது: வினை முடிந்ததும் ஹெக்சேனையோ பெட்ரோலியம் ஈதரையோ ஊற்றினால், பெக் அதில் கரையாது என்பதால் நொதி வீழ்படிவாக வந்துவிடும், விளைபொருள் மேலே கரைசலில் நின்றுவிடும்.

இன்று நீங்கள் செய்தால் சயனூரிக் குளோரைடு பக்கம் போக வேண்டாம், அது நச்சு, அரிக்கும். சக்சினிமைடு எஸ்டராகத் தூண்டப்பட்ட பெக் தயாராகவே கிடைக்கிறது. செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில. பிஎச்சை மாறாமல் வைக்கும் இடையகக் கரைசலில் டிரிஸ் போடாதீர்கள், டிரிஸுக்கே அமினோ முனை உண்டு, உங்கள் பெக்கை அதுவே தின்றுவிடும். போரேட்டோ பாஸ்பேட்டோ போடுங்கள், பிஎச் 8 முதல் 9 வரை. தூண்டப்பட்ட பெக் தண்ணீரில் தானாகவே சிதையும் என்பதால் கரைத்து வைத்துவிட்டு மதிய உணவுக்குப் போகக்கூடாது, கரைத்த கையோடு சேர்க்க வேண்டும். நொதி வேலை செய்யும் இடமான வினைமையத்துக்கு அருகே லைசின் இருந்தால், ஒட்டும் நேரத்தில் அந்த நொதியின் தடுப்பான் ஒன்றையோ வினைப்பொருளையோ கூடச் சேர்த்து வாசலை அடைத்து வைக்கலாம், பிறகு கழுவி எடுத்துவிடலாம். ஒட்டாத பெக்கை நீக்க மீநுண் வடிகட்டி போடுகிறீர்கள் என்றால், பெக் தன் எடைக்கு மீறிப் பெரிதாக விரிந்து நிற்கும் என்பதை நினைவில் வைத்துச் சவ்வைத் தேர்ந்தெடுங்கள். எத்தனை அமினோ முனைகள் மூடப்பட்டன என்பதை டிரைநைட்ரோபென்சீன் சல்ஃபோனிக் அமிலத்தோடு நிறம் வரவைத்து அளக்கலாம். அதிகம் ஒட்டினால் கரைதிறன் கூடும், வேகம் குறையக்கூடும்; எங்கே நிறுத்துவது என்பதை ஒவ்வொரு நொதிக்கும் செய்துதான் பார்க்க வேண்டும். கடைசியில், நொதிக்குப் பிடித்த பிஎச்சிலிருந்து உலர்த்துங்கள், மேலே சொன்ன நினைவு இங்கேயும் பொருந்தும்.

சரி, செய்யத்தான் வேண்டுமா? இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதற்கு எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் பலரும் கேட்பதில்லை. முதலில் ஓர் எளிய சோதனை செய்யுங்கள்: பெக்கைப் பிணைக்காமல், நொதியோடு தண்ணீரில் வெறுமனே கலந்து, அப்படியே உறைய வைத்து உலர்த்தி, டொலுயீனில் போட்டுப் பாருங்கள். பல நொதிகளில் இதுவே வேகத்தை நன்றாக ஏற்றிவிடும், உலரும்போது வடிவம் கெடாமல் பெக் காப்பதால். இந்த ஒப்பீடு இல்லாமல், பிணைப்புதான் பயன் தந்தது என்று யாராவது அறிக்கை கொடுத்தால் நான் நம்பமாட்டேன். உப்பும் இதே வேலையைச் செய்யும், சொல்லப்போனால் இன்னும் பலமாக: 1994இல் டோர்டிக், கிளார்க் குழுவினர் சப்டிலிசின் என்ற நொதியைப் பொட்டாசியம் குளோரைடோடு சேர்த்து, எடையில் 98 விழுக்காடு உப்பாக இருக்கும்படி உலர்த்தி ஹெக்சேனில் போட்டபோது வேகம் 3,750 மடங்கு உயர்ந்தது. வெறும் ஓர் எளிய உப்பு!

உங்களுடையது லைபேஸ் என்பதால், அக்ரிலிக் மணிகளில் ஏற்றிய கேண்டிடா அண்டார்க்டிகா லைபேஸ் பி-யை ஒருமுறை போட்டுப் பாருங்கள் என்பேன். கட்டியாகாது, வடிகட்டி மறுபடி பயன்படுத்தலாம். குளூட்டரால்டிஹைடால் ஒன்றோடொன்று பிணைத்த நொதித் திரள்களும் இருக்கின்றன, டெல்ஃப்டில் ஷெல்டன் குழு 2000இல் கொண்டுவந்த முறை. என் கணிப்பில், பெக் ஒட்டும் உழைப்பு நியாயமாவது இரண்டு இடங்களில்: கரைசல் தெளிவாக இருந்தே ஆக வேண்டிய ஒளியியல் அளவீடுகளில், அல்லது மணியில் ஏற்றினால் செத்துப்போகும் நொதிகளில்.

இன்னும் ஒன்று, இது எதுவாக இருந்தாலும் வேண்டும்: தண்ணீர்க் கணக்கு. எஸ்டர் உண்டாகும்போது தண்ணீரும் உண்டாகும், அது தேங்கினால் வினை திரும்பி ஓடும், பொடியும் கட்டியாகும். ஈரத்தை உறிஞ்சும் மூலக்கூற்றுச் சல்லடை போடலாம், ஆனால் அதிகம் போட்டால் நொதியின் ஒட்டுத் தண்ணீரையும் அது எடுத்துவிடும். நீரேறிய உப்பு இணைகளை (ஒரே உப்பின், நீர் அதிகமுள்ள வடிவமும் குறைந்த வடிவமும்) போட்டு நீரின் அளவை ஒரே நிலையில் நிறுத்துவது இன்னும் நம்பகமான வழி. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் உலர்ந்த பெக் பொடியைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: தண்ணீர்தான் மலிவு, பாதுகாப்பு. எதற்காகச் சிரமப்பட்டு எண்ணெய்க் கரைப்பானில் போட வேண்டும்? நம் வாழ்க்கைக்கு இதனால் ஏதாவது உண்டா?
(ஓய்வுபெற்ற வாசகர், தெம்பனிஸ்)

உண்டு ஐயா, உங்கள் சமையலறை அலமாரியில்கூட இருக்கலாம். லைபேஸ் உடலில் செய்யும் வேலை கொழுப்பை உடைப்பது, அதற்குத் தண்ணீர் செலவாகிறது. அந்தத் தண்ணீரை எடுத்துவிட்டால் அதே நொதி திரும்பி நின்று கொழுப்பைக் கட்டத் தொடங்கிவிடும். நொதி வினையின் திசையைத் தீர்மானிப்பதில்லை, வேகத்தை மட்டும்தான் கொடுக்கிறது, திசையைத் தீர்மானிப்பது சூழல். 1900இலேயே அமெரிக்காவில் காஸ்லும் லோவன்ஹார்ட்டும் லைபேஸைக் கொண்டு எத்தில் பியூட்டிரேட் என்ற எஸ்டரை உண்டாக்கிக் காட்டினார்கள். அன்னாசி போன்ற வாசம் கொண்டது அது. இதற்கு மேல், தண்ணீரில் கரையாத வினைப்பொருள்களைக் கையாளலாம், தண்ணீர் பட்டால் சிதையும் பொருள்களைக் கையாளலாம், நொதி பொடியாகவோ மணியாகவோ நிற்பதால் வடிகட்டி எடுத்து மறுபடியும் போடலாம்.

இப்போது சமையலறை. சிங்கப்பூரில் 2021 ஜூன் 1 முதல், பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெய்களை எந்த உணவிலும் சேர்க்கக்கூடாது என்று தடை இருக்கிறது, இதயத்துக்குக் கேடு செய்யும் டிரான்ஸ் கொழுப்பு அதில் இருப்பதால். ஆனால் மார்கரினும் பிஸ்கட் கொழுப்பும் அறை வெப்பத்தில் உருகாமல் நிற்க வேண்டுமே. அதற்கு உள்ள வழிகளில் ஒன்று, கொழுப்பு மூலக்கூறுகளில் இருக்கும் கொழுப்பு அமிலங்களை இடம் மாற்றி அடுக்குவது. சோடியம் மெத்தாக்சைடு என்ற வேதிப்பொருளைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கலைக்கலாம். லைபேஸ் போட்டு, வேண்டிய இடத்தில் மட்டும் மாற்றலாம். சில லைபேஸ்கள், கொழுப்பு அமிலங்கள் மூன்றும் ஒட்டியிருக்கும் கிளிசராலின் இரண்டு ஓரங்களைத்தான் தொடும், நடுவைத் தொடாது. அந்தக் குணத்தைக் கொண்டுதான் செம்பனை எண்ணெயிலிருந்து கொக்கோ வெண்ணெய்க்கு ஈடான கொழுப்பைச் செய்கிறார்கள்; 1970களின் கடைசியில் யூனிலிவர் இதற்குக் காப்புரிமை எடுத்தது. இதில் தனியாகக் கரைப்பானே வேண்டாம் என்பது கூடுதல் நன்மை, உருகிய எண்ணெயே ஊடகம். அக்கம்பக்கத்து நாடுகளில் விளையும் செம்பனையும் அதன் வணிகத்தில் சிங்கப்பூருக்கு இருக்கும் இடமும் தெரிந்தவர்களுக்கு, இது நம் வட்டாரத்துக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

கடையில் வாங்கும் ஒவ்வொரு மார்கரினும் இப்படிச் செய்ததுதான் என்று சொல்லவில்லை. செம்பனையின் கெட்டிப் பகுதியை வெறுமனே கலந்தும் செய்வார்கள்.

கேள்வி: என் மகனுக்கு ரத்தப் புற்றுநோய், சிகிச்சை நடக்கிறது. அவனுக்குப் போடும் ஊசியின் பெயர் 'பெக்' என்று தொடங்குகிறது. நீங்கள் சொன்ன வேதியியல் மாற்றம் இதுதானா? கரைப்பானோடு சம்பந்தம் என்றால் பயமாக இருக்கிறது.
(ஒரு தாய், செங்காங்)

பயப்பட வேண்டாம் சகோதரி. ஒட்டும் பொருள் ஒன்றுதான், நோக்கம் முற்றிலும் வேறு. அந்த ஊசியை டொலுயீனில் கரைப்பதற்காகச் செய்யவில்லை, ரத்தத்தில் நீடித்திருக்கச் செய்திருக்கிறார்கள்.

பெயரை நீங்கள் முழுதாக எழுதவில்லை, ஆனால் குழந்தைகளின் கடுமையான லிம்போசைட் ரத்தப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் தரப்படுவது பெக்ஆஸ்பார்கேஸ். அது ஒரு நொதி. ரத்தத்தில் இருக்கும் ஆஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தை உடைத்துவிடும். நம் சாதாரண அணுக்கள் அதைத் தாமே தயாரித்துக்கொள்ளும். அந்தப் புற்றணுக்களால் போதிய அளவு தயாரிக்க முடியாது, பட்டினியில் சாகும். பெக் ஒட்டாத பழைய நொதி பாக்டீரியாவிலிருந்து வந்தது, அதன் அளவு ஏறத்தாழ ஒரு நாளில் பாதியாகிவிடும், அதனால் அடிக்கடி ஊசி போட வேண்டியிருந்தது, ஒவ்வாமையும் அடிக்கடி வந்தது. பெக் ஒட்டியதும் பாதியாவதற்கு ஐந்தாறு நாள் ஆகிறது. குழந்தையின் கையில் எத்தனை ஊசி குறைகிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் இந்த மருந்துக்கு 1994இல் அனுமதி கிடைத்தது. அதற்கும் முன், 1990இல், முதன்முதலில் அனுமதி பெற்ற பெக் மருந்தும் ஒரு நொதிதான். எதிர்ப்பாற்றலே இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கான அடினோசின் டிஅமினேஸ்.

ஒவ்வாமை அறவே வராது என்று சொல்ல முடியாது, சிலருக்கு வரும். அதனால்தான் ஊசி போட்டபின் சிறிது நேரம் மருத்துவமனையிலேயே இருக்கச் சொல்கிறார்கள். தடிப்பு, மூச்சுத் திணறல், கடுமையான வயிற்றுவலி எதுவானாலும் தாமதிக்காமல் தாதியிடம் சொல்லுங்கள். நான் எழுதியதை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம், மருத்துவரிடம் மருந்தின் முழுப் பெயரையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகன் நலம்பெற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கேள்வி: வெளியிலிருந்து ஒட்டுவதைவிட மரபணுவை மாற்றி நொதியையே வேறாகச் செய்துவிடலாமே?
(பொறியாளர், பொங்கோல்)

செய்துவிட்டார்கள். ஃபிரான்சஸ் அர்னால்டுக்கு 2018இல் வேதியியல் நோபல் கிடைத்ததே, அந்தப் பாதையின் தொடக்கம் இதே கரைப்பான் சிக்கல்தான். 1993இல் அவரும் கெசின் சென்னும் சப்டிலிசினின் மரபணுவில் கண்டபடி மாற்றங்களைப் புகுத்தி, டைமெத்தில் ஃபார்மமைடில் பிழைத்தவற்றை மட்டும் பொறுக்கி, அவற்றை மறுபடி மாற்றி மறுபடி பொறுக்கினார்கள். 60 விழுக்காடு டைமெத்தில் ஃபார்மமைடில், முதல் நொதியைவிட 256 மடங்கு திறனுள்ள ஒன்று கிடைத்தது. இதன் பெரிய தொழிற்சாலை வெற்றி, நீரிழிவு மருந்தான சிட்டாகிளிப்டின். கோடெக்சிஸ், மெர்க் நிறுவனங்கள் 2010இல் வெளியிட்ட அந்த நொதியில் 27 அமினோ அமிலங்கள் மாற்றப்பட்டிருந்தன, பாதிக்குப் பாதி டைமெத்தில் சல்ஃபாக்சைடு கலந்த திரவத்தில் அது வேலை செய்தது, உயர் அழுத்தமும் ரோடியம் என்ற உலோகமும் வேண்டிய பழைய படி தேவையில்லாமல் போனது. முதல் பதிலில் சொன்னேனே, பாதிக்குப் பாதிக் கலவை, முழுக் கரைப்பானைவிடப் புரதத்துக்கு மோசம் என்று. அந்த இடத்திலேயே நிற்கும்படி ஒரு நொதியைச் செதுக்கியிருக்கிறார்கள்.

ஆனாலும் வேதியியல் மாற்றம் காலாவதியாகிவிட்டது என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். மரபணு வழியில் எவ்வளவுதான் மாற்றினாலும், இருபது அமினோ அமிலங்களுக்குள்தான் பெரும்பாலும் சுற்ற வேண்டும், 5,000 எடையுள்ள ஒரு சங்கிலியை அப்படி முளைக்க வைக்க முடியாது. நொதி டொலுயீனில் தெளிவாகக் கரைய வேண்டும் என்றால் வெளியிலிருந்து ஒட்டத்தான் வேண்டும். இப்போது இரண்டையும் சேர்த்தே செய்கிறார்கள்: மரபணு வழியில் வேண்டிய இடத்தில் சிஸ்டெயின் என்ற அமினோ அமிலம் ஒன்றை வைத்து, அந்த ஓர் இடத்தில் மட்டும் பெக்கைக் கட்டுகிறார்கள்.

கேள்வி: பழத்தோல், பழுப்புச் சர்க்கரை, தண்ணீர் சேர்த்து மூன்று மாதம் ஊறவைத்து வீட்டிலேயே 'என்சைம்' செய்கிறேன். இதைத் தின்னரோடு கலந்தால் எண்ணெய்ப் பிசுக்குக்கு இன்னும் நன்றாக வேலை செய்யுமா?
(இல்லத்தரசி, உட்லண்ட்ஸ்)

வேண்டாம். தின்னர் எளிதில் தீப்பற்றும், வீவக வீட்டின் சமையலறை அதற்கு இடமில்லை, அதன் ஆவியும் நல்லதல்ல. அதோடு உங்கள் திரவத்தில் பெரும்பகுதி தண்ணீர், தின்னரோடு கலந்தால் நான் மேலே சொன்ன எந்த நன்மையும் நடக்காது. அந்தத் திரவம் கறையைக் கொஞ்சம் எடுக்கிறது என்றால், ஊறலில் உண்டான வினிகர் போன்ற அமிலத்துக்கு அதில் பெரிய பங்கு. குளோரின் வெளுப்பானோடும் ஒருபோதும் கலக்காதீர்கள், அமிலம் பட்டால் குளோரின் வாயு வரும்.

கேள்வி: உயர்நிலை மாணவர்களின் செயல்திட்டமாக, கரைப்பானில் நொதி வேலை செய்வதைப் பள்ளியிலேயே காட்ட முடியுமா?
(ஆசிரியை, ஜூரோங் வெஸ்ட்)

முடியும், பெக் எதுவும் வேண்டாம், மணியில் ஏற்றிய லைபேஸ் போதும். ஆக்டனாயிக் அமிலத்தையும் எத்தனாலையும் ஹெப்டேனில் எடுத்துக்கொண்டு, லைபேஸ் மணிகளைப் போட்டு, மூடிய குடுவையில் 40 டிகிரி அளவில் குலுக்கச் சொல்லுங்கள். ஹெக்சேனைவிட ஹெப்டேன் நரம்புக்குக் குறைந்த கெடுதல், ஆனால் தீப்பற்றும், அதனால் புகைக் கூண்டுக்குள், திறந்த சுடர் இல்லாமல். மாணவர்கள் முதலில் அசெட்டிக் அமிலத்தைத்தான் எடுக்க நினைப்பார்கள், அலமாரியில் அதுதானே இருக்கும். அது வேண்டாம்: அது தண்ணீரை விரும்பும் அமிலம், நொதியின் மேலிருக்கும் மெல்லிய தண்ணீரில் போய்ச் சேர்ந்து அதைப் புளிக்க வைத்து நொதியை முடக்கிவிடும். பியூட்டிரிக் அமிலம் நன்றாக வினைபுரியும், ஆனால் அந்த நாற்றத்தை வகுப்பு முழுவதும் தாங்காது.

அரை மணிக்கு ஒருமுறை சிறிது கரைசல் எடுத்து எத்தனாலில் விட்டு, ஃபினால்ஃப்தலீன் போட்டு, சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்த்தால் அமிலம் குறைந்துகொண்டே வருவது தெரியும். நான்கு குடுவைகள் வையுங்கள்: ஒன்றில் லைபேஸ் மணி, ஒன்றில் நொதி ஏற்றாத வெறும் மணி, ஒன்றில் தண்ணீரில் கொதிக்கவைத்து உலர்த்திய லைபேஸ் மணி, நான்காவதில் லைபேஸ் மணியோடு வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதல் தண்ணீர். வெறும் மணி உள்ள இரண்டாவது குடுவையிலும் அமிலம் சிறிது குறைந்ததாகத் தெரிந்தால், மணியே கொஞ்சம் அமிலத்தை உறிஞ்சியிருக்கிறது என்று பொருள், அந்த அளவை மற்றக் குடுவைகளின் கணக்கிலிருந்து கழித்துவிடச் சொல்லுங்கள்.